அலுவலகத்துக்கு மீண்டும் வர ஊழியருக்கு என்ன காரணம் இருக்கிறது?

2024 செப்டம்பரில் அமேசான் நிறுவனம், தன் அலுவலக ஊழியர்கள் 2025 ஜனவரியிலிருந்து, வாரத்தில் ஐந்து நாளும் நேரில் வந்து பணியாற்ற வேண்டும் என்று அறிவித்தது. ஓராண்டு கழித்து, 2025 செப்டம்பரில், மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் தலைமையகத்தைச் சுற்றி வசிக்கும் ஊழியர்கள் 2026 பிப்ரவரி இறுதிக்குள் வாரத்தில் மூன்று நாள் வரத் தொடங்க வேண்டும் என்றது. இத்தகைய உத்தரவுகள் ஒருபுறம் வந்துகொண்டிருக்க, மறுபுறம் பல நிறுவனங்கள் பெரும் பொருட்செலவில் அலுவலகங்களை இடித்துத் திருத்துகின்றன. மேசை வரிசைகள் இருந்த இடத்தில் மெத்தை இருக்கைகளும் உட்புறச் செடிகளும் விளையாட்டு அறைகளும் வருகின்றன. இவ்வளவும் செய்த பிறகும் பல கட்டடங்கள் வாரத்தில் சில நாள் நெரிசலாகவும் மற்ற நாள்களில் வெறிச்சோடியும் இருப்பது ஏன் என்பதை விளங்கிக்கொள்ள, அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

ஊழியரை அலுவலகத்துக்கு இழுப்பது அங்கே வந்திருக்கும் சக ஊழியர்தான். அந்தச் சந்திப்பு நிகழ இடம் கொடுப்பதும், வந்தவருடைய நாளைக் கெடுக்காமல் இருப்பதும் கட்டடத்தின் வேலை. வீட்டின் வசதியோடு போட்டியிடப் புறப்படும் அலுவலகம் தோற்றுவிடும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

## முதலில் சில சொற்கள்

1. கலப்புப் பணிமுறை: வாரத்தில் சில நாள் அலுவலகத்திலும் சில நாள் வீட்டிலும் வேலை செய்யும் ஏற்பாடு. பேச்சு வழக்கில் இதை ஹைப்ரிட் என்கிறோம்.
2. மேசை விகிதம்: மேசைகளின் எண்ணிக்கையை ஊழியர் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது. 100 பேருக்கு 60 மேசை இருந்தால் விகிதம் 0.6.
3. பொது மேசை முறை: எவருக்கும் நிலையான மேசை இல்லாமல், அன்றன்று முன்பதிவு செய்தோ முதலில் வந்தோ இடம் பிடித்துக்கொள்ளும் முறை.
4. பொது வருகை நாள்: ஒரு குழுவினர் அனைவரும் சேர்ந்து வருவதென்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளும் நாள்.

## வீணாகிப்போன ஒரு வருகை

கலப்பு முறையில் பணியாற்றும் ஒருவருடைய நாளை அருகிலிருந்து பார்ப்போம். காலையில் ஒன்றேகால் மணி நேரம் பயணம் செய்து வருகிறார். முந்தைய நாள் செயலியில் முன்பதிவு செய்த மேசை நான்காம் தளத்தில், ஒரு தூணை ஒட்டிக் கிடைத்திருக்கிறது. நாற்காலியின் உயரம் நேற்று அமர்ந்தவருக்கு ஏற்றபடி இருக்கிறது. மேசைக்கு அடியில் கையை விட்டுத் துழாவித் திரையின் கேபிளை எடுத்தால், அதன் முனை அவருடைய மடிக்கணினியில் பொருந்தவில்லை. ஆறு பேர் கொண்ட குழுவில் அன்று வந்திருக்கும் இன்னொருவர் இரண்டாம் தளத்தில் அமர்ந்திருக்கிறார். பத்து மணிக்கு முதல் காணொளி அழைப்பு தொடங்க, ஹெட்போனை மாட்டிக்கொள்கிறார். பக்கத்து மேசைக்காரர் வேறொரு துறையைச் சேர்ந்தவர். அவரும் அழைப்பில்தான் இருக்கிறார். தன் குரல் மற்றவருடைய மைக்கில் விழாமல் இருக்க இருவரும் நாற்காலியை எதிரெதிர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார்கள். மாலையில் கணக்குப் பார்த்தால், அன்று அவர் ஒருவரோடு முகம் பார்த்துப் பேசியது லிஃப்டுக்குக் காத்திருந்த இரண்டு நிமிடம் மட்டுமே.

இந்த மனிதர் அடுத்த வாரம் ஏன் வர வேண்டும்? அவருக்குச் சோம்பல் என்றோ நிறுவனத்தின் மீது பற்றில்லை என்றோ சொல்வது அநியாயம். வேலைக்குத் தேவையானவர்கள் அங்கே இல்லை, இருந்த இடத்திலும் நிம்மதியாக வேலை செய்ய முடியவில்லை; பயணத்துக்கு இரண்டரை மணி நேரம் செலவாயிற்று. இம்மூன்றில் முதலாவது கால அட்டவணையைச் சார்ந்தது, இரண்டாவது முழுக்க முழுக்க வடிவமைப்பைச் சார்ந்தது.

## தற்செயலை நம்பினால் வரும் கணக்கு

ஆறு பேர் கொண்ட ஒரு குழுவில் ஒவ்வொருவரும், மற்றவரைக் கேட்காமல், ஐந்து வேலை நாள்களில் ஏதேனும் இரண்டைத் தேர்ந்துகொண்டு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். குறிப்பிட்ட ஒரு நாளில் ஒருவர் வந்திருப்பதற்கான வாய்ப்பு 40 விழுக்காடு. ஆகவே, ஒருவர் அலுவலகம் வரும் நாளில் மற்ற ஐவரில் சராசரியாக இருவரையே காண்பார். ஐவரையும் ஒருங்கே காண்பதற்கான வாய்ப்பு, 0.4-ஐ ஐந்து முறை தன்னோடு தானே பெருக்கினால் வருவது, அதாவது ஏறத்தாழ 1 விழுக்காடு. விடுமுறை போக ஆண்டுக்கு 96 நாள் வருகிறார் என்றால், முழுக் குழுவும் கூடியிருக்கும் நாள் ஆண்டுக்கு ஒன்று.

வருகையை மூன்று நாளாக உயர்த்தினாலும் இந்த வாய்ப்பு 8 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. ஆனால் ஒரே ஒரு பொது வருகை நாளைக் குழுவே பேசி முடிவு செய்துகொண்டால், அந்த நாளில் அது நூறு விழுக்காடாகிவிடுகிறது. நாள்களின் எண்ணிக்கையை மட்டும் சொல்லி, எந்த நாள் என்பதைச் சொல்லாமல் விடும் உத்தரவுகள் பலனளிக்காததற்கு இந்த எளிய பெருக்கல் கணக்கே போதுமான விளக்கம்.

இதன் மறுபக்கத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. எல்லாக் குழுக்களும் வாரத்தின் நடுநாள்களையே தேர்ந்தெடுக்கின்றன. 100 பேர் வாரம் மூன்று நாள் வந்தால் சராசரி வருகை 60 தான். அதை வைத்துக்கொண்டு 0.6 என்ற மேசை விகிதத்தில் கட்டடத்தைச் சுருக்கிவிட்டால், செவ்வாய், புதன், வியாழனில் 100 பேர் 60 மேசைக்கு அலைவார்கள், திங்களும் வெள்ளியும் விளக்குகள் வெறுமனே எரியும். சராசரியை வைத்து இடத்தைக் கணக்கிடுவது இத்துறையில் திரும்பத் திரும்பச் செய்யப்படும் தவறு. குழுக்களின் பொது நாள்களை வாரம் முழுவதும் பிரித்துப் போட்ட பிறகுதான் மேசைகளை எண்ண வேண்டும்.

## நேரில் இருப்பதால் எது கிடைக்கிறது, எது கிடைப்பதில்லை

நேரில் வருவதால் எல்லாமே மேம்படும் என்பதற்கும், எதுவுமே மாறாது என்பதற்கும் ஆதாரம் இல்லை. ஆய்வுகள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு படத்தைத் தருகின்றன.

1. தூரம் கூடக் கூடப் பேச்சு குறைகிறது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த தாமஸ் ஆலன், ஆராய்ச்சிக்கூடப் பொறியாளர்கள் ஒருவரோடொருவர் எவ்வளவு அடிக்கடி பேசுகிறார்கள் என்பதை அவர்களுடைய மேசைகளுக்கு இடையிலான தூரத்தோடு ஒப்பிட்டு, 1977-இல் முடிவுகளை வெளியிட்டார். முதல் சில பத்து மீட்டருக்குள்ளேயே பேச்சு செங்குத்தாகச் சரிந்து, சுமார் 50 மீட்டருக்கு அப்பால் மிகச் சிறிய அளவில் நின்றுவிடுகிறது. ஒரே கட்டடத்தில் இருப்பது மட்டும் போதாது என்பதை வடிவமைப்பாளர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

2. புதியவர்கள் அதிகம் பயன்பெறுகிறார்கள். நடாலியா இமானுவேல், எம்மா ஹாரிங்டன், அமாண்டா பாலே ஆகிய பொருளாதார அறிஞர்கள் ஒரு பெரிய நிறுவனத்தின் மென்பொருள் பொறியாளர்களை ஆராய்ந்தபோது, குழுவோடு ஒரே கட்டடத்தில் இருந்தவர்களுடைய நிரல்களுக்கு, குழு பிரிந்து கிடந்தவர்களைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கருத்துரைகள் கிடைத்திருந்தன. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: கற்றுக்கொடுத்த மூத்தவர்கள் எழுதும் நிரலின் அளவு குறைந்தது. அருகாமையின் ஆதாயம் இளையவருக்கும் அதன் செலவு மூத்தவருக்கும் போய்ச் சேர்வதால், வீட்டிலிருந்தே வேலை செய்யும் மூத்தவரின் கணக்கு அவரளவில் சரிதான். அவர் வராவிட்டால் இளையவர் வந்தும் பயனில்லை என்பதே இங்குள்ள துயரம்.

3. புதிய யோசனை பிறக்கும் நேரம் வேறு, முடிவெடுக்கும் நேரம் வேறு. மெலனி ப்ரக்ஸ், ஜொனாதன் லெவவ் ஆகியோர் 2022-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வில், காணொளியில் பேசிய இணைகள் நேரில் பேசிய இணைகளைவிடக் குறைவான புதிய யோசனைகளையே தந்தன. அவற்றுள் சிறந்ததைத் தேர்ந்தெடுப்பதில் காணொளி பின்தங்கவில்லை. திரையையே உற்றுப் பார்ப்பதால் சிந்தனையின் வீச்சும் குறுகுகிறது என்பது அவர்களுடைய விளக்கம்.

4. வாரத்தில் ஓரிரு நாள் வீட்டில் இருப்பதால் வேலை கெடுவதில்லை. ட்ரிப்.காம் என்ற பயணச் சேவை நிறுவனத்தில் 1,612 ஊழியரைக் கொண்டு 2021, 2022 ஆண்டுகளில் நடந்த சோதனையில், வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களின் பணித்திறனிலோ பதவி உயர்விலோ குறைவு காணப்படவில்லை. வேலையை விட்டு விலகுவோர் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நிக்கலஸ் ப்ளூமும் சக ஆய்வாளர்களும் இதை 2024-இல் வெளியிட்டார்கள்.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், அலுவலக நாள் என்பது வீட்டு நாளின் நகலாக இருக்கத் தேவையில்லை என்பது புலப்படும். கற்றுக்கொடுப்பது, யோசனைகளைக் கொட்டிக் கலைப்பது, கருத்து வேறுபாட்டைப் பேசித் தீர்ப்பது, பிற குழுவினரை அறிந்துகொள்வது ஆகியவை அலுவலகத்துக்கு உரியவை. தனியே அமர்ந்து எழுதுவதும் கணக்குப் பார்ப்பதும் வீட்டில் நன்றாகவே நடக்கின்றன. ஆனாலும் எவரும் எட்டு மணி நேரமும் பேசிக்கொண்டே இருப்பதில்லை. கூடிப் பேசிய ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, பேசியதைச் செய்துபார்க்க அமைதியான இடம் வேண்டும். வடிவமைப்பின் உண்மையான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

## திறந்த கூடமும் பேச்சொலியும்

சுவர்களை எடுத்துவிட்டால் மக்கள் கூடுதலாகப் பேசிக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை பழையது. 1950-களின் இறுதியில் ஜெர்மனியில் அலுவலக அமைப்பு ஆலோசகர்களான ஷ்னெல்லே சகோதரர்கள் சுவர்களற்ற கூடத்தில் மேசைகளை ஒழுங்கின்றிப் பரப்பி, இடையிடையே செடிகளை வைத்து, தகவல் தடையின்றிப் பாயும் என்று வாதிட்டார்கள். 1960-களில் ராபர்ட் ப்ராப்ஸ்ட், ஹெர்மன் மில்லர் என்ற அறைகலன் நிறுவனத்துக்காக, ஊழியர் தம் தேவைக்கேற்ப அமைத்துக்கொள்ளும் தடுப்புப் பலகைகளை உருவாக்கினார். நிறுவனங்கள் அவற்றை நெருக்கி அடுக்கிக் கூண்டுகளாக்கின. கூண்டின் மீதான வெறுப்பு மீண்டும் திறந்த கூடத்துக்கே கொண்டுவந்து விட்டது.

அந்தப் பழைய நம்பிக்கையை 2018-இல் ஈதன் பெர்ன்ஸ்டைன், ஸ்டீஃபன் டர்பன் ஆகியோர் நேரடியாக அளந்து பார்த்தார்கள். திறந்த கூடத்துக்கு மாறிய இரண்டு பெரிய நிறுவனத் தலைமையகங்களில், ஊழியர் கழுத்தில் அணிந்த உணரிகளின் வழியே, மாறுவதற்கு முன்னும் பின்னும் நேருக்கு நேர் பேச்சைக் கணக்கிட்டார்கள். பேச்சு கூடவில்லை, சுமார் 70 விழுக்காடு குறைந்தது. மின்னஞ்சல் கூடியது. எல்லோர் கண்ணிலும் எந்நேரமும் பட்டுக்கொண்டிருப்பவர், ஹெட்போனை மாட்டித் திரைக்குள் ஒதுங்கித் தமக்கென்று ஒரு சுவரைக் கட்டிக்கொள்கிறார். ஆலன் கண்டதற்கு இது முரணாகத் தோன்றலாம். இரண்டையும் பொருத்திப் பார்த்தால் கிடைக்கும் பாடம் தெளிவானது: அருகில் இருக்க வேண்டும், ஆனால் எப்போது பேசுவது என்பது தம் கையில் இருக்க வேண்டும்.

திறந்த கூடத்தில் மக்களை வாட்டுவது பெரும்பாலும் இரைச்சலின் அளவு அன்று, அதில் கேட்கும் சொற்கள்தாம். 2013-இல் சிட்னி பல்கலைக்கழகத்தின் ஜங்சூ கிம், ரிச்சர்ட் டி டியர் ஆகியோர் 300-க்கும் மேற்பட்ட கட்டடங்களில் 40,000-க்கும் மேற்பட்டோர் அளித்த விடைகளை ஆராய்ந்தபோது, திறந்த கூடங்களில் அதிருப்தியின் முதற்காரணமாக நின்றது ஒலி சார்ந்த தனிமையின்மை. எளிதில் பழகிப் பேச முடிகிற நன்மையால் அந்த இழப்பை ஈடுகட்ட முடியவில்லை. மழைச் சத்தத்தையும் மின்விசிறியின் ஓசையையும் மனம் சிறிது நேரத்தில் மறந்துவிடும். புரியும் மொழியில் ஒருவர் பேசினால் மறக்க முடியாது. வேண்டாம் என்றாலும் மூளை அதன் பொருளைப் பின்தொடர்ந்து போகும்.

ஒலியியலாளர்கள் இதைப் பேச்சுத் தெளிவுக் குறியீடு என்ற எண்ணால் அளக்கிறார்கள். அது 0-இலிருந்து 1 வரை போகும். 1 என்றால் ஒவ்வொரு சொல்லும் துல்லியமாகக் கேட்கிறது என்று பொருள். பேசுபவரிடமிருந்து எவ்வளவு தூரம் விலகினால் இந்த எண் 0.5-க்குக் கீழே இறங்குகிறதோ, அதைக் கவனச்சிதறல் தூரம் எனலாம். ஐஎஸ்ஓ 3382-3 என்ற பன்னாட்டுத் தரநிலை இதை அளக்கும் முறையைச் சொல்கிறது. 2012-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி 5 மீட்டர் அல்லது அதற்குள் இருப்பது நல்ல கூடம், 10 மீட்டரைத் தாண்டினால் மோசமான கூடம். 10 மீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்குள் எத்தனை மேசைகள் அடங்கும் என்று எண்ணிப் பார்த்தால், ஒருவர் தொலைபேசியில் பேசுவது எத்தனை பேருடைய வேலையைக் கலைக்கிறது என்பது விளங்கும்.

தீர்வுகள் மூன்று வழியில் இயங்குகின்றன. முதலாவது, ஒலியை உறிஞ்சுவது. இதில் கூரைதான் முக்கியம், ஏனெனில் மேசைகளாலும் தடுப்புகளாலும் மறைக்கப்படாத பெரிய பரப்பு அது ஒன்றே. பல புதிய அலுவலகங்களில் தொழிற்கூடத் தோற்றத்துக்காக உட்கூரையைக் கழற்றி, வெறும் கான்கிரீட்டும் குழாய்களும் தெரியும்படி விடுகிறார்கள். வெறும் கான்கிரீட் தன்மேல் படும் பேச்சொலியில் நூற்றில் ஐந்து பங்கைக்கூட உறிஞ்சாது. தரமான கனிமக் கம்பளிப் பலகை பெரும்பகுதியை விழுங்கிவிடும். புகைப்படத்தில் அழகாகத் தெரியும் அந்தக் கூரை, ஒருவர் பேச்சைக் கூடத்தின் மறுகோடி வரை கொண்டுபோகிறது. இரண்டாவது, தடுப்பது: அமர்ந்திருப்பவரின் தலைக்கு மேல் உயர்ந்த தடுப்புகளும், அலமாரிகளும், மூடிய அறைகளும். மூன்றாவது, மறைப்பது: ஏறத்தாழ 40 முதல் 45 டெசிபெல் அளவில் சீரான ஒரு மெல்லிய ஓசையைக் கூரையிலிருந்து பரப்பினால், தொலைவில் பேசுபவரின் குரல் கேட்டாலும் சொற்கள் பிடிபடாமல் போகும். முதலிரண்டையும் செய்யாமல் மூன்றாவதை மட்டும் கூட்டினால், மக்கள் குரலை உயர்த்திப் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

இவை எல்லாவற்றையும்விடப் பயன் தருவது, நடவடிக்கைகளைப் பிரித்து வைப்பது. அழைப்புகளுக்கு ஒருவர் அமரும் சிற்றறைகள், குழு பேசும் பகுதி, பேச்சே கூடாத வாசிப்புக்கூடம் போன்ற பகுதி என மூன்று வேண்டும். பேச்சற்ற பகுதியை நடைபாதையின் ஓரத்தில் வைத்துவிட்டு, அமைதி காக்கவும் என்று பலகை மாட்டுவதால் பயனில்லை. கட்டடத்தின் கோடியில், யாரும் கடந்து போக வேண்டிய தேவையில்லாத மூலையில் அது அமைய வேண்டும். சிற்றறைகளில் காற்றோட்டம் குறைவாக இருந்தால் அரை மணி நேரத்தில் புழுக்கம் கூடி மக்கள் கதவைத் திறந்து வைத்துப் பேசுவார்கள், போட்ட தடுப்பு வீணாகும்.

## சொந்தமில்லாத மேசை

1994-இல் சியாட்/டே என்ற விளம்பர நிறுவனம் ஊழியர் அனைவருடைய மேசைகளையும் எடுத்துவிட்டு, காலையில் ஒரு முகப்பில் தொலைபேசியும் மடிக்கணினியும் பெற்றுக்கொண்டு விரும்பிய இடத்தில் அமரலாம் என்று ஏற்பாடு செய்தது. கருவிகளுக்காகக் காலையில் வரிசை நின்றது. காகிதங்களை வைக்க இடமில்லாமல் சிலர் காரின் பின்பெட்டியைப் பயன்படுத்தினார்கள். சில ஆண்டுகளில் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது.

வாரத்தில் இரண்டு நாள் வருபவருக்குத் தனி மேசை ஒதுக்குவது இடத்தை வீணாக்கும் என்பது உண்மை. ஆனால் தனிநபருக்கு மேசை இல்லாவிட்டாலும் குழுவுக்கு ஓர் இருப்பிடம் இருக்கலாம். பத்துப் பன்னிரண்டு மேசைகள், ஒரு வெண்பலகை, அழிக்காமல் விட்டுப்போகக்கூடிய குறிப்புகள், பூட்டக்கூடிய பெட்டிகள் ஆகியவற்றோடு ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நிலையான பகுதியை ஒதுக்கினால், வருபவர் தம் குழுவைத் தேடித் தளம் தளமாக அலைய வேண்டியதில்லை. ஆலன் கண்ட சில பத்து மீட்டருக்குள் அவர்கள் தாமாகவே வந்துவிடுகிறார்கள். முன்பதிவுச் செயலி காட்ட வேண்டியதும் காலி மேசைகளை அல்ல. நாளை யார் யார் வருகிறார்கள் என்பதை.

## பாதிப் பேர் திரையில் இருக்கும் கூட்டம்

கலப்பு முறையில் ஏறக்குறைய எல்லாக் கூட்டத்திலும் ஒருவராவது தொலைவில் இருப்பார். நீண்ட மேசையின் ஒரு முனையில் திரையும் அதன் மேல் கேமராவும் வைத்த பழைய அறையில், தொலைவில் இருப்பவருக்கு அருகிலுள்ள இருவர் முகம் பெரிதாகவும் மற்றவர்கள் காதோரம் மட்டுமாகவும் தெரிவார்கள். திரையை நோக்கி அகன்று விரியும் மேசை, கண் மட்டத்தில் கேமரா, கூரையில் பரவலாக மைக் ஆகிய மூன்றும் இருந்தால் நிலைமை பெரிதும் மாறும். கண்ணாடிச் சுவர்கள் ஒலியைத் திருப்பி அடிப்பதால் ஒரு பக்கச் சுவராவது துணியோ உறிஞ்சும் பலகையோ போர்த்தியிருக்க வேண்டும்.

## அழகும் சலுகையும்

1943-இல் எம்ஐடி வளாகத்தில் போர்க்கால ரேடார் ஆராய்ச்சிக்காகத் தற்காலிகமாக எழுப்பப்பட்ட 20-ஆம் எண் கட்டடம் மரத்தாலானது. கோடையில் கொதிக்கும், குளிரில் காற்று புகும். 1998 வரை அது நின்றது. வெவ்வேறு துறையினர் பக்கம் பக்கமாக இருந்து, வேண்டியபடி சுவரில் துளையிட்டும் தடுப்பை இடித்தும் பணியாற்றிய அக்கட்டடத்திலிருந்து மொழியியல் முதல் ஒலியியல் வரை பல துறைகளில் முக்கியமான ஆய்வுகள் வெளிவந்தன. வசதிக் குறைவைப் போற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. நல்ல வெளிச்சமும் காற்றும் நாற்காலியும் ஊழியரின் உரிமை. ஆனால் இலவச உணவுக்கும் விளையாட்டு மேசைக்கும் வருபவர் ஒன்றிரண்டு வாரம் வருவார். அந்தப் பணத்தைக் கூரையில் உறிஞ்சு பலகை பதிக்கவும் சிற்றறைகள் கட்டவும் செலவிடுவது நல்லது.

## கட்டடத்தால் முடியாதவை

பயண நேரத்தை எந்த உள் அலங்காரமும் குறைக்காது. குழந்தையையோ முதியவரையோ கவனித்துக்கொள்ளும் பொறுப்புள்ளவருக்கும், உடற்குறைபாட்டால் பயணம் வேதனையாகும் ஊழியருக்கும் வீட்டு நாள்கள் அத்தியாவசியம். அவர்களைக் குறைத்து மதிப்பிடும் மேலாளர் இருக்கும் இடத்தில் நல்ல மேசையால் பயனில்லை. வருகையைக் கதவட்டைப் பதிவுகளால் மட்டும் கண்காணித்தால், ஊழியர் வந்து அட்டையைத் தேய்த்துவிட்டுச் சிறிது நேரத்தில் கிளம்பிவிடுகிறார். பதிவேடு நிரம்புகிறது, கூடம் காலியாகவே இருக்கிறது.

## எந்த வரிசையில் தொடங்குவது

1. ஒவ்வொரு குழுவும் நேரில் செய்ய வேண்டிய வேலைகள் எவை என்று பட்டியலிட்டு, அதற்கேற்பப் பொது வருகை நாளைக் குழுவே முடிவு செய்யட்டும். மூத்தவர்கள் அந்த நாளில் தவறாமல் வரட்டும், கற்றுக்கொடுக்கும் நேரம் அவர்களுடைய மதிப்பீட்டில் கணக்கில் எடுக்கப்படட்டும்.
2. அந்த நாள்களை வாரம் முழுவதும் பிரித்த பிறகு, உச்ச நாளின் வருகைக்கு ஏற்ப மேசைகளை எண்ணட்டும்.
3. இடிப்பதற்கு முன் ஒலியை அளக்கட்டும். கூரையும் சிற்றறைகளும் முதலில், மெத்தை இருக்கைகள் பிறகு.
4. மாற்றியமைத்த பின், கதவட்டைப் பதிவோடு வேறு மூன்றையும் கணக்கெடுக்கட்டும்: வந்தவரின் குழுவில் எத்தனை பேர் அன்று அவரருகே இருந்தார்கள், அவர் எத்தனை மணி நேரம் ஹெட்போனில் கழித்தார், பெரிய கூட்ட அறைகள் எவ்வளவு நேரம் ஒரே ஒருவரால் பிடிக்கப்பட்டிருந்தன.

கடைசியாகச் சொன்ன அளவை எந்தக் கருவியும் இல்லாமல், தளத்தை ஒருமுறை சுற்றி வந்தே அறியலாம். பன்னிரண்டு நாற்காலிகள் போட்ட அறையில் ஒருவர் மட்டும் அமர்ந்து மடிக்கணினியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பதும், வெளியே ஐந்து பேர் நடைபாதையில் நின்றபடி கலந்து பேசுவதும் ஒரே வேளையில் கண்ணில் பட்டால், அந்தத் தளத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை. அந்த ஓர் அறையைத் தடுத்து, இரண்டு சிற்றறைகளும் ஐவர் அமரும் ஓர் அறையுமாக ஆக்க வேண்டும்.